நூறு கோடியில் மிஞ்சிய ஒன்று

"ஜெனீவாவுக்கா போறீங்க? வாட்சும் சாக்லேட்டும் வாங்காம வந்துடாதீங்க!" என்று எங்கள் கும்பகோணத்துத் தெருவே சொல்லி வழியனுப்பியது. நான் போனதோ ஊர் சுற்ற அல்ல, தங்கையின் பிரசவத்துக்கு. அம்மா இல்லாத வீட்டில் அக்காதானே அம்மா! பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, செக்கு நல்லெண்ணெய், பழைய வேட்டித் துணி என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு, 2025 மே மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். ஜூன் முதல் வாரம் ஆண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம்.

தங்கை இருப்பது ஜெனீவாவை ஒட்டிய மெய்ரின் என்ற ஊரில். மாப்பிள்ளைக்கு 'செர்ன்' என்ற அணு ஆராய்ச்சிக் கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஜூலையில் அவருடைய அம்மா வந்து சேர்ந்ததும் எனக்குக் கொஞ்சம் கை ஒழிந்தது. "அக்கா, நாளைக்கு உங்களை எங்க ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஏரியும் பனிமலையும் காட்டுவார் என்று பார்த்தால் ஆபீசாம்! மனசுக்குள் சலிப்புத்தான். ஆனால் அந்த ஒரு நாள்தான் இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது. சகோதரிகளோடு அதைப் பகிர்ந்துகொள்ளலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். பத்தாவதில் விஞ்ஞானத்தில் தட்டுத் தடுமாறித் தேறியவள் நான். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது.

நடராஜர் தரிசனம்

18-ம் நம்பர் டிராமில் ஏறினோம். அது போய் நிற்கும் கடைசி நிறுத்தத்தின் பெயரே 'செர்ன்'. இறங்கியதும் கண்ணில் படுவது 27 மீட்டர் உயரத்துக்கு மரத்தாலேயே செய்த பெரிய உருண்டைக் கட்டடம். எதிரே, தரையைத் தொடாமல் தூக்கிக் கட்டிய குழாய்கள் போன்ற கண்காட்சிக் கூடங்கள். இதன் பெயர் 'சயின்ஸ் கேட்வே'. 2023 அக்டோபரில் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

செர்ன் ஆரம்பித்தது 1954-ல். பெரிய யுத்தத்தில் ஒருவரோடு ஒருவர் மோதிச் சலித்த ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் கூடம் இது. வளாகத்தின் நடுவே ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லைக்கோடு ஓடுகிறது. நம் இந்தியாவும் 2017 முதல் இதில் இணை உறுப்பினர்.

மாப்பிள்ளை முதலில் என்னை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அழைத்துப் போனார். நிமிர்ந்து பார்த்தால் ஆடல்வல்லான்! இரண்டு மீட்டர் உயரச் செப்புத் திருமேனி. இந்திய அரசு கொடுத்து, 2004 ஜூன் 18-ல் திறந்து வைத்த சிலையாம். சிதம்பரத்தில் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்க்கிற மூர்த்தியை, ஆளில்லாத புல்வெளி ஓரத்தில் பார்த்ததும் கால் தானாகச் செருப்பை விட்டுவிட்டது.

"அக்கா, இங்கே யாரும் செருப்பைக் கழற்ற மாட்டாங்க."

"நான் கழற்றுவேன், மாப்பிள்ளை."

வெளியே ஒன்றும் இல்லை!

தங்கை வீட்டு மேல் மாடியில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஆராய்ச்சி மாணவி. நான் வைக்கும் பத்தியக் குழம்பின் வாசனைக்கே கீழே இறங்கி வந்து என்னை 'அத்தை' ஆக்கிக்கொண்டவள். அவளும் அங்கே எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

"என் எக்ஸ்பெரிமெண்டைக் காட்டுறேன் அத்தை" என்று காரில் ஏற்றி, பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் ஃபெர்னே-வோல்டேர் ஊருக்குக் கூட்டிப் போனாள். விமான நிலையத்துக்கு ஒட்டினாற்போல வேலி போட்ட இடம். உள்ளே நாலைந்து ஷெட்டுகள். மேலே விமானம் உறுமிக்கொண்டு போகிறது. எங்கள் ஊர் நெல் குடோன்கூட இன்னும் பார்க்க லட்சணமாக இருக்கும்!

"எங்கேம்மா?" என்றேன்.

"உங்க காலுக்குக் கீழே, நூறு மீட்டர் ஆழத்துல" என்றாள்.

பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் வட்டமாக ஒரு சுரங்கம். அதில் இருக்கும் இயந்திரத்துக்கு 'லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்' என்று பெயர். ("பேரிலேயே கொலை இருக்கே!" என்றேன். இருவரும் சிரித்தார்கள்.) புரோட்டான் என்ற நுண்துகள்களை இரண்டு எதிர்த் திசைகளில் அனுப்பி மோத விடுகிறார்கள். ஒரு நொடியில் அவை இந்த வட்டத்தைப் பதினோராயிரம் தடவைக்கு மேல் சுற்றிவிடுகின்றன. அவற்றை வளைத்துத் திருப்புகிற காந்தங்கள் மைனஸ் 271 டிகிரிக் குளிரில் இருக்கின்றன. இயந்திரம் ஓடும்போது யாரும் கீழே இறங்க அனுமதி இல்லை. நாங்கள் போனபோது ஓடிக்கொண்டிருந்தது.

மோதல் நடக்கும் நான்கு பெரிய இடங்களில் ஒன்று எங்கள் காலடியில் இருந்தது. அங்கே இருக்கும் கருவிக்கு 'எல்.ஹெச்.ஸி.பி.' என்று பெயர். கடைசியில் வரும் 'பி' என்ன தெரியுமோ? பியூட்டி! 21 மீட்டர் நீளம், 5,600 டன் எடை. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'பியூட்டி'யைப் பார்ப்பதற்கு.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கூடத்துக்கு வருஷத்துக்கு நூறு கோடி ஸ்விஸ் பிராங்குக்கும் மேல் செலவாகிறது என்று வரும்போதே மாப்பிள்ளை சொல்லியிருந்தார். "ஏம்மா, இந்தப் பணத்தில் எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம்? இதைத் தெரிஞ்சுக்கிட்டு யாருக்கு என்ன ஆகப் போகுது?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "எங்க அம்மாவும் இதையேதான் கேட்பாங்க அத்தை. நாம ஏன் இருக்கோம்னு தெரிஞ்சுக்கத்தான்" என்றாள். அங்கேயே ஒரு மர நிழலில் உட்கார்ந்து, நான் கட்டிக் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள்.

கணக்கு நேராகியிருந்தால்...

நம் உடம்பு, பாத்திரம், பண்டம், மலை, நட்சத்திரம் எல்லாமே பொருள். இந்தப் பொருளின் ஒவ்வொரு துகளுக்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி எதிர்த் துகள் ஒன்று உண்டு. எடை அதேதான், மின்சாரம் மட்டும் நேர்மாறு. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1928-ல் டிராக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி போட்ட கணக்கில் தெரிந்தது. 1932-ல் அமெரிக்காவின் ஆண்டர்சன் அதைக் கண்ணால் காட்டினார். எலெக்ட்ரானின் எதிர் ஜோடி, பெயர் பாஸிட்ரான்.

இந்த ஜோடிக்கு ஒரு விசித்திர குணம். பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டுமே மறைந்து, வெறும் வெளிச்சமாகிவிடும்.

பிரபஞ்சம் தோன்றியபோது இரண்டும் சரிசமமாகத்தான் உண்டாகியிருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் ஒன்றை ஒன்று அழித்து எல்லாம் தீர்ந்து போயிருக்க வேண்டுமே? வரவும் செலவும் நேராகி, மாதக் கடைசியில் அஞ்சறைப் பெட்டியில் காலணாகூட மிஞ்சாத மாதிரி? ஆனால் மிஞ்சியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறக்குறைய நூறு கோடி ஜோடி அழிந்ததற்கு ஒரே ஒரு பொருள் துகள் கூடுதலாக நின்றிருக்கிறது. அந்த மிச்சத்தில் உருவானவைதான் சூரியன், பூமி, காவேரி, நீங்கள், நான், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அந்த நாற்பது நாள் குழந்தை!

"எதிர்ப்பொருள் எல்லாம் வேற எங்கேயாவது ஒதுங்கி இருக்குமோ?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி அத்தை! அப்படி இருந்தா, இரண்டும் உரசுற எல்லையில ஒருவித வெளிச்சம் வரணும். வானத்துல தேடிப் பார்த்தாச்சு, காணோம்."

அப்படியானால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓரவஞ்சனை நடந்திருக்க வேண்டும். 1964-ல் அமெரிக்காவில் குரோனின், ஃபிட்ச் என்ற இருவர் அதன் முதல் தடயத்தைக் கண்டார்கள். கேயான் என்ற துகள், ஏறக்குறைய 500 தடவைக்கு ஒரு தடவை, உடையக் கூடாத விதத்தில் உடைந்தது. பிம்பம் அசலை அச்சு அசலாகக் காட்டவில்லை! அதற்கு 1980-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கனமானவை எதற்கு?

புரோட்டான் முதலியவற்றுக்கு உள்ளே இருக்கும் இன்னும் சிறிய துகள்தான் குவார்க். இதில் ஆறு வகை. நம் உடம்பில் இருப்பவை மிக லேசான இரண்டே வகை. மற்றவை கனமானவை; பிறந்த கையோடு உடைந்துவிடும். பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்தில் அவையும் ஏராளமாக இருந்தன.

1973-ல் ஜப்பானின் கியோட்டோவில் கோபயாஷி, மஸ்காவா என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அப்போது தெரிந்திருந்தவை மூன்று குவார்க்குகளே. "இந்த ஓரவஞ்சனை நடக்க வேண்டுமானால் குறைந்தது ஆறு வகை இருந்தாக வேண்டும்" என்றார்கள். சொன்னபடியே 1974-ல் நாலாவதும், 1977-ல் ஐந்தாவதும், 1995-ல் ஆறாவதும் அகப்பட்டன. 2008-ல் அவர்களுக்கு நோபல் வந்தது. அந்த ஐந்தாவதுக்குத்தான் 'பியூட்டி' என்று பெயர். ஒரு புரோட்டானைப் போல நாலு மடங்குக்கு மேல் கனம்.

"சரி, லேசானதையே வைத்து ஆராயக் கூடாதா? இந்தக் கனமானது எதற்கு?" என்று கேட்டேன்.

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். குளத்தில் ஒரு கல் போட்டால் ஒரே சீரான அலை. இரண்டு கல் போட்டால் அலைகள் கலக்கிற இடத்தில் சில உயரும், சில அடங்கும். பியூட்டி குவார்க் உடைவதற்குப் பல வழிகள் உண்டு. அந்த வழிகள் அலைபோல ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரிகிறது. லேசானதில் அது துளியூண்டு. கனமானதில் எண்ணிப் பார்க்கிற அளவுக்கு இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நமக்கு இன்னும் தெரியாத புதுத் துகள் ஏதாவது இருந்தால், அதன் கை வண்ணமும் இந்த உடைசலில் படிந்திருக்கும். நாம் வெளியே போயிருந்த நேரத்தில் யாரோ வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள் என்று தொட்டியில் கிடக்கும் காபி டம்ளரை எண்ணித் தெரிந்துகொள்கிறோமே, அதேதான்!

பியூட்டி உயிரோடு இருப்பது ஒரு நொடியை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு நேரம். அதற்குள் ஓடுவது சுமார் ஒரு சென்டிமீட்டர். அதைப் பிடிக்க, புரோட்டான் போகிற பாதைக்கு ஐந்து மில்லிமீட்டர் பக்கத்தில் உணர்கருவியைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். முதலில் விலகி நின்று, ஓட்டம் நிதானப்பட்ட பிறகு, விளக்குச் சுடரைக் காற்றுக்கு மறைக்கக் கையைக் குவிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் நெருங்கி வருமாம்.

2001-ல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பியூட்டியில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜப்பானில் அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியில் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. ஆனால் அவை இரண்டு பேர் கொண்ட கூட்டு: ஒரு குவார்க், ஒரு எதிர்க் குவார்க். நம் உடம்பிலுள்ள புரோட்டானைப் போல மூன்று குவார்க் சேர்ந்த கூட்டில் யாரும் பார்த்ததில்லை. எல்.ஹெச்.ஸி.பி. குழு எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட உடைசல்களை ஒவ்வொன்றாக எண்ணி, வித்தியாசம் சுமார் 2.45 சதவிகிதம் என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. நான் அங்கே இருந்த ஜூலையில்தான் 'நேச்சர்' இதழில் அது அச்சாகியிருந்தது.

"அப்போ விடை கிடைச்சாச்சா?"

"இல்லை அத்தை. இதுவரைக்கும் தெரிஞ்ச வித்தியாசம் எல்லாத்தையும் கூட்டினாலும், இவ்வளவு பெரிய பிரபஞ்சம் மிஞ்சறதுக்குப் போதவே போதாது. இன்னும் என்னமோ இருக்கு. அதைத்தான் தேடறோம்" என்றாள். தெரியாது என்பதை அத்தனை உற்சாகமாகச் சொன்ன ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்!

எனக்குள்ளேயே இருந்தது

மத்தியானம் திரும்பவும் பெரிய வளாகத்துக்கு வந்து, 'எதிர்ப்பொருள் தொழிற்சாலை' என்று அவர்கள் அழைக்கும் கூடத்தை வழிகாட்டியோடு பார்த்தோம். கான்கிரீட் பாளங்கள், கயிறு கயிறாக வயர்கள், வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளக்கும் தொட்டிகள். மற்ற இடங்களில் துகள்களை விரட்டுகிறார்கள். இங்கே வேகத்தைக் குறைத்து, காந்தத் தொட்டிலில் பிடித்து வைக்கிறார்கள். எதிர்ப்பொருள் மேலே விழுமா கீழே விழுமா என்று பார்த்தது இங்கேதான். நம்மைப் போலவே கீழேதான் விழுகிறது என்று 2023-ல் தெரிந்தது.

"இது வெடித்தால்?" என்று ஒரு அம்மாள் பயந்து கேட்டாள். செர்ன் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்பொருள் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு பல்பைச் சில நிமிஷம்தான் எரிக்க முடியும் என்றார் வழிகாட்டி. வாழைப்பழத்தில்கூட உண்டாம்! அதிலுள்ள பொட்டாசியத்தால், சராசரியாக ஒன்றேகால் மணி நேரத்துக்கு, அதாவது 75 நிமிஷத்துக்கு, ஒரு பாஸிட்ரான் வருகிறதாம்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும் நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஆஸ்பத்திரியில் பெட் ஸ்கேன் எடுத்தவர்கள் எல்லோரும் எதிர்ப்பொருளைத் தங்களுக்குள் வைத்திருந்தவர்கள்தான்" என்றார்.

2022-ல் என் மார்பில் ஒரு கட்டி. கோலம் போட்டுவிட்டுக் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. 'வேலை முடியட்டும், பொங்கல் போகட்டும்' என்று இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அது நான் செய்த பெரிய தப்பு. ஆபரேஷன் ஆனது. மற்ற இடங்களுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். பட்டினி கிடந்து போய், ஊசி போட்டுக்கொண்டு, பேசாமல் அசையாமல் ஒரு மணி நேரம் இருட்டறையில் படுத்திருந்தேன். 'என் பிள்ளைகள் தலையெடுக்கும் வரையாவது' என்பது ஒன்றே பிரார்த்தனை. பரவவில்லை என்று முடிவு வந்தது.

அந்த ஊசியில் ஏற்றியது கதிர்வீச்சு சேர்த்த ஒரு சர்க்கரை. புற்று செல்கள் சர்க்கரையைப் பேராசையோடு இழுத்துக்கொள்ளும். அந்தச் சர்க்கரையிலிருந்து பாஸிட்ரான் புறப்பட்டு, பக்கத்திலிருக்கும் எலெக்ட்ரானோடு சேர்ந்து மறையும். அப்போது இரண்டு கதிர்கள் நேர் எதிரெதிராகப் பாயும். வளையத்துக்குள் படுக்க வைக்கிறார்களே, அந்த வளையம் இரண்டையும் பிடித்து, எங்கிருந்து வந்தது என்று காட்டிவிடும். துகள்களைப் பிடிக்கச் செய்த கருவியை வைத்து, 1977-ல் இதே செர்னில் ஒரு சுண்டெலியைப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்களாம்.

டிராக் கணக்குப் போட்டபோது கும்பகோணத்துப் பெண்ணின் கட்டியை நினைத்திருக்க மாட்டார். 'இதனால் யாருக்கு என்ன ஆகப் போகிறது' என்று காலையில் கேட்டவள் நான். மதுரைப் பெண்ணிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு டிராம் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள்.

எல்லா ஆராய்ச்சியும் இப்படி மருந்தாகித் திரும்பும் என்று நான் சொல்ல வரவில்லை. பியூட்டி குவார்க்கால் நாளைக்கு ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் அந்த வேலிக்குப் பக்கத்தில் நின்று கேட்ட கேள்வியை இப்போது கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தடவும்போது, நூறு கோடியில் ஒன்று மிஞ்சியதால் வந்த கால்கள் அல்லவா இவை என்று பட்டது. அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரமே தடவினேன். ராத்திரி ஒன்பது மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

போகிற சகோதரிகளுக்கு

* சயின்ஸ் கேட்வே திங்கட்கிழமை விடுமுறை. ஜெனீவா ரயில் நிலையத்திலிருந்து 18-ம் நம்பர் டிராமில் நேராகப் போகலாம்.

* வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கவும் கட்டணம் இல்லை. ஆனால் இடம் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள்.

* நடராஜர் வளாகத்துக்கு உள்ளே இருக்கிறார். அங்கே வேலை செய்பவர் யாராவது கூட இருந்தால்தான் சுலபமாகப் பார்க்க முடியும்.

* குழந்தைகளை அழைத்துப் போங்கள். தொட்டுப் பார்த்து விளையாட நிறைய இருக்கிறது. நம்மைவிட அவர்கள் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

* கடைசியாக, ஜெனீவா போனாலும் போகாவிட்டாலும் ஒன்று. உடம்பில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் என்னைப் போலப் பொங்கல் போகட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டால், அன்று சில மணி நேரம் கைக்குழந்தையிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்காமல் இருக்கச் சொல்வார்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வாட்ச் வாங்கவில்லை. சாக்லேட் மட்டும் வாங்கி வந்து தெருவுக்குக் கொடுத்தேன்.